ஒரே ஃப்ரேமுக்குள்ள மூணு லட்சுமி

பதிவு எழுதி ஒன்றரை வருஷம் ஆச்சு. பொட்டி தட்டுற பொழப்புல நடுவுல எழுதினதெல்லாம் ரிலீஸ் நோட்ஸ்தான். அதைப் படிக்க ஆள் கிடையாது. போன மாசம் தென்காசி போயிட்டு வந்ததுல இருந்து ஒரு விஷயம் மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு. எழுதித் தீர்த்துடலாம்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

ஆச்சி தவறி ஒரு வருஷம் முடிஞ்சுது. அவ இருந்த வீட்டை விக்கிறதுன்னு முடிவாயிட்டு. பித்தளைப் பானை, அண்டா, குத்துவிளக்கு எல்லாம் அத்தைமார் ரெண்டு பேருக்கும் பிரிச்சாச்சு. ஆட்டுரலை யாரும் தூக்க முடியாததால அதுவும் வீட்டோட போகுது. மிச்சம் இருந்தது பூசை அறைச் சுவர்ல இருந்த பதினோரு சாமி படம்தான். அதைக் கேட்டு யாரும் சண்டை போடல. எங்க குடும்பத்துல அது ரொம்ப அபூர்வம்.

"சாமி படத்தை விக்கவும் கூடாது, குப்பையில போடவும் கூடாது. நாளைக்குக் காலையில சிற்றாத்துல கொண்டு விட்டுருவோம்"னு அப்பா சொன்னாங்க.

எங்க ஊர்ப் பக்கம் மட்டும் இல்ல, எல்லா ஊர்லயும் இதைப் பார்த்திருப்பீங்க. ஆத்துப் பாலத்து ஓரத்துல, அரசமரத்தடியில கண்ணாடி உடைஞ்ச முருகனும் கரையான் அரிச்ச பிள்ளையாரும் சாய்ஞ்சு உட்கார்ந்திருப்பாங்க. வீட்டுல வைக்கவும் முடியாம, தூக்கி எறியவும் மனசு வராம, நடுவுல ஒரு இடம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அந்தப் பெரிய லட்சுமி படத்தை மட்டும் நான் எடுத்துக்கிடுதேம்ப்பா"ன்னு சொல்லிட்டேன்.

அம்மா திரும்பிப் பார்த்தா. "எதுக்குய்யா?"

"பெங்களூர்ல ஹால்ல மாட்டலாம்னு."

"ஹால்லயா?"

அந்த ஒத்தை வார்த்தையில எவ்வளவு இருந்துச்சுன்னு எங்க அம்மாவைத் தெரிஞ்சவங்களுக்குத்தான் புரியும். அம்பது வருஷம் விளக்கேத்திக் கும்பிட்ட படத்தை டிவிக்கு மேல மாட்டுவேன்னு சொன்னா வேற எப்படிக் கேப்பா?

என் தரப்பு நியாயத்தைச் சொல்லணும்னா நான் ஜெர்மனிக்குப் போன கதையைச் சொல்லணும். கம்பெனியில நாலு மாசம் ஆன்சைட் அனுப்பினாங்க. நியூரம்பெர்க் நகரம். ஞாயித்துக்கிழமை கடைகள் எல்லாம் பூட்டியிருக்கும். மழை வேற. போக்கிடம் இல்லாம ஒரு பழைய வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். ஆல்பிரெக்ட் டியூரர்னு ஒரு ஓவியர் வாழ்ந்த வீடாம். 1471ல பிறந்து 1528ல செத்துப்போன ஆள். வீட்டை மியூசியமா வச்சிருக்காங்க. அந்தக் காலத்து அச்சு எந்திரம் மாதிரி ஒண்ணு செஞ்சு வச்சு, எப்படி அச்சடிச்சாங்கன்னு காட்டுறாங்க.

செம்புத் தகடு. அதுல கூரான உளியால கோடு கோடா கீறணும். இடது வலது மாத்திக் கீறணும். மை பூசித் துடைச்சா கீறலுக்குள்ள மட்டும் மை நிக்கும். ஈரக் காகிதத்தை மேல போட்டு ரெண்டு உருளைக்கு நடுவுல விட்டு அழுத்தினா, கீறலுக்குள்ள இருக்கிற மை காகிதத்துக்கு வந்துடும். அவ்வளவுதான் டெக்னாலஜி. ஆனா ஒரு தகட்டுல இருந்து நூத்துக்கணக்கில எடுக்கலாம். எடுத்ததைச் சுருட்டிக் குதிரையில ஏத்தி எந்த ஊருக்கும் அனுப்பலாம். இன்னைக்கு நாம ஃபார்வர்ட் பண்றதோட கொள்ளுத் தாத்தா இதுதான்.

சுவர்ல இருந்த படங்களைப் பார்த்தா எல்லாம் புராணம். அப்பல்லோ, டயானா, இறக்கையோட ஒரு உருண்டை மேல நிக்கிற நெமிசிஸ். நியூரம்பெர்க்ல உட்கார்ந்திருந்த ஒரு தட்டார் மகனுக்கு கிரேக்க சாமி எப்படித் தெரியும்? அச்சுப்படம் வழியாத்தான். இத்தாலியில மன்டெக்னாங்கிற ஓவியர் கடல் தேவர்கள் சண்டை போடுற மாதிரி ஒரு செம்புத் தகட்டுப் படம் போட்டார். 1494ல இருபத்திமூணு வயசு டியூரர் அதைப் பார்த்துக் கோடு கோடா காப்பி அடிச்சுப் பழகியிருக்கார். காகிதத்துல ஏறி ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்திருக்கு அந்தச் சாமிங்க.

அப்புறம் இவர் படத்தை அங்க காப்பி அடிச்சாங்க. மார்க்கன்டோனியோ ரைமோண்டின்னு ஒரு இத்தாலிக்காரர் டியூரரோட மரக்கட்டை அச்சுப் படங்களை அப்படியே செம்புல வெட்டி, டியூரரோட முத்திரை எழுத்தையும் சேர்த்துப் போட்டு வித்திருக்கார். டியூரர் வெனிஸ் வரைக்கும் போய்ப் பிராது கொடுத்தார், இனிமே முத்திரையைப் போடக் கூடாதுன்னு மட்டும்தான் தீர்ப்பு வந்துச்சுன்னு வசாரி எழுதி வச்சிருக்கார். படத்தைக் காப்பி அடிச்சுக்கோ, பேரை மட்டும் போடாதே! நம்ம ஊர்ல திருட்டு வீசிடிக்காரனுக்குக்கூட இப்படி ஒரு தீர்ப்பு கிடைச்சதில்ல.

அங்க ஒரு அம்மா விளக்கம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பழைய அச்சுப்படங்களை எப்பவும் வெளியில வைக்க மாட்டாங்களாம். வெளிச்சம் பட்டாக் காகிதம் கெட்டுப் போகும். மங்கலான வெளிச்சத்துல கொஞ்ச நாள் காட்டிட்டு மறுபடி இருட்டு அலமாரிக்குள்ள வச்சிருவாங்களாம். அந்த நிமிஷம் எனக்கு ஆச்சி வீட்டுப் பூசை அறை ஞாபகம் வந்துச்சு. விளக்குப் புகை, சாம்பிராணி, கற்பூரம், வெள்ளிக்கு வெள்ளி குங்குமம். லட்சுமி முகத்துல பாதி எனக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்தே தெரியாது.

அந்த லட்சுமி படம் யார் போட்டதுன்னு ரூமுக்கு வந்து தேட ஆரம்பிச்சேன். ரெண்டு மூணு வாரம் தூங்கல. தேடினதைச் சுருக்கமாச் சொல்லிடுறேன்.

1796 வாக்கில ஜெர்மனியில அலோய்ஸ் செனெஃபெல்டர்னு ஒரு நாடக ஆசிரியர். தன் நாடகத்தை அச்சடிக்கக் காசு இல்ல. ஒருநாள் சலவைக் கணக்கு எழுதக் காகிதம் கையில கிடைக்காம ஒரு சுண்ணாம்புக் கல்லுல கொழுப்பு மையால எழுதினார். அதுல இருந்து ஆரம்பிச்சதுதான் கல் அச்சு, நம்ம ஆளுங்க சொல்ற லித்தோ. எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுங்கிற ஒரே தத்துவம். கல்லை ஈரமாக்கினா, வரைஞ்ச இடம் மட்டும் மையைப் பிடிக்கும். கலர் வேணும்னா ஒவ்வொரு கலருக்கும் ஒரு கல்.

அந்தக் கல் இந்தியாவுக்கு வந்துச்சு. 1894ல பம்பாயில ரவிவர்மா சொந்தமா ஒரு அச்சகம் ஆரம்பிச்சார். ஜெர்மனியில இருந்து மிஷின், ஜெர்மன்காரத் தொழிலாளி. பின்னாடி அந்த அச்சகத்தையே ஷ்லைஷர்ங்கிற ஜெர்மன்காரர் வாங்கிட்டார். லோனாவ்லா பக்கம் மாளவ்லிக்குப் போன அச்சகம், 1972ல தீயில அழிஞ்சுது. சினிமா எடுக்கிறதுக்கு முன்னாடி தாதாசாகேப் பால்கே அங்க வேலை பார்த்திருக்கார்.

ரவிவர்மா ஏதோ தூரத்து ராஜான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அவர் ஊர் கிளிமானூர். செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் தாண்டிப் போனா வந்துடும். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி பக்கம்தான் இருந்துச்சு. தென்காசியில இருந்து எட்டு கிலோமீட்டர். ரவிவர்மா சமஸ்தானத்து எல்லை எங்க ஆச்சி வீட்டுல இருந்து ஒரு சைக்கிள் மிதி தூரம்!

கிழக்குப் பக்கம் கோவில்பட்டி. அங்க சி. கொண்டையராஜு. 1898ல பிறந்து 1976ல இறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில படிச்சவர். திருவண்ணாமலையில ரமணர் ஆசிரமத்துல கொஞ்ச காலம் இருந்தார். அப்புறம் நாடகக் கம்பெனியில சீன் வரையப் போய், அதோடயே ஊர் ஊராச் சுத்தி, கடைசியில கோவில்பட்டியில தங்கிட்டார். டி.எஸ். சுப்பையா மாதிரி சீடர்கள் அவர் கூடவே வரைஞ்சாங்க. கொஞ்ச தூரத்துல சிவகாசி. தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்கப் பழகின கை, காலண்டர் அடிக்க ஆரம்பிச்சுது. ஜவுளிக்கடை, நகைக்கடை, உரக்கடை எல்லாம் தை பிறக்கும்போது இனாமாக் கொடுத்த காலண்டர்ல இவங்க வரைஞ்ச மீனாட்சி கல்யாணமும் முருகனும் லட்சுமியும் இந்தியா பூரா போனாங்க. அதே சிவகாசியிலதான் வேளாங்கண்ணி மாதாவும் மெக்காவும் அச்சாச்சு.

இவ்வளவையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நான் அந்தப் படத்தைக் கேட்டேன். ஜெர்மனியில ஐநூறு வருஷத்துக் காகிதத்தைப் பொத்திப் பொத்தி வச்சிருக்கான். நாம அம்பது வருஷத்துக் காகிதத்தை ஆத்துல விடுறோம். நம்ம ஊர்க் காலண்டர் படங்களை அமெரிக்காவுல சைரக்யூஸ் பல்கலைக்கழகத்துல ஆயிரக்கணக்குல சேர்த்து வச்சிருக்காங்க. நமக்கு மதிப்புத் தெரியலையேன்னு ஒரே ஆதங்கம். ஆன்சைட் போயிட்டு வந்த எல்லாருக்கும் வர்ற வியாதி இது, கொஞ்ச நாள்ல சரியாப் போகும்.

அம்மாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டா. கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"அங்க அந்தச் சாமியளை இப்ப யாரும் கும்பிடுதாங்களாய்யா?"

எனக்குப் பதில் தெரியும். சொல்ல வாய் வரல. டியூரர் அப்பல்லோவை வெட்டினப்பவே அப்பல்லோவுக்குப் பூசை நின்னு ஆயிரம் வருஷம் தாண்டிட்டு. யாரும் பொட்டு வைக்கல, விளக்கேத்தல. அதனால அது அப்போவே அழகான படம். அலமாரியில வைக்கலாம். எங்க ஆச்சி லட்சுமிக்கு அந்த வசதி இல்லை. அவளுக்கு தினமும் வேலை இருந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் அப்பாவும் நானும் குற்றாலம் போனோம். சீசன் முடியுற நேரம், சாரல் லேசா இருந்துச்சு. பேரருவியில குளிச்சிட்டு, குற்றாலநாதரைக் கும்பிட்டுட்டு, சித்திர சபைக்கு நடந்தோம். நடராஜரோட அஞ்சு சபையில இது அஞ்சாவது. சிதம்பரத்துல பொன், மதுரையில வெள்ளி, திருநெல்வேலியில தாமிரம், திருவாலங்காட்டுல ரத்தினம். எங்க ஊருக்குச் சித்திரம். அருவிக்கு வர்ற கூட்டத்துல பத்துல ஒருத்தர் இங்க எட்டிப் பார்த்தா அதிசயம். ஆடுற நடராஜரே இங்க சிலை கிடையாது, சுவர்ல வரைஞ்ச ஓவியம். சுத்தி எல்லாம் புராணக் கதைகள்.

சின்ன வயசுல ஆச்சிதான் கூட்டிட்டு வருவா. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா சுவரை விரலால தொடாமலே காட்டிக் காட்டிக் கதை சொல்லிக்கிட்டே போவா. வீட்டுக்கு வந்தா அதே கதை பூசை அறைப் படத்துல தொடரும். அவளுக்குப் புஸ்தகம் அதுதான். இந்தத் தடவை பார்க்கும்போது ஒண்ணு தெரிஞ்சுது. சுவர்ல இருக்கிறது கோட்டு உலகம். தட்டையான நிறம், நிழல் கிடையாது. வீட்டுப் படத்துல லட்சுமி கன்னத்துல ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். அந்த நிழல் ஐரோப்பாவுல இருந்து வந்து, ரவிவர்மா கை வழியா, அச்சுக்கல் வழியா எங்க பூசை அறைக்கு வந்தது. ஆச்சி அந்த வித்தியாசத்தை ஒருநாளும் சொன்னதில்ல. அவளுக்கு ரெண்டும் ஒரே லட்சுமி.

சபைக்குள்ள ஈரக் காத்து. சில இடத்துல நிறம் மங்கி முகம் தெரியல. அப்பா ஒரு மங்கின இடத்துக்கு முன்னாடி நின்னு, "எங்கம்மா இதுக்கும் ஒரு கதை சொல்லுவா. மறந்துட்டேன்"ன்னாங்க. எனக்கும் ஞாபகம் இல்ல. நாங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்னோம். அப்புறம் பார்டர் புரோட்டா சாப்பிடப் போயிட்டோம். வேற என்ன செய்ய?

மறுநாள் காலையில ஆட்டோ வந்துட்டு. பத்துப் படம் ஏத்தியாச்சு. "ஆத்துல விடுறதுக்கு முன்னாடி லட்சுமி படத்துல யார் கையெழுத்துன்னு மட்டும் பார்த்துக்கிடுதேன்"னு சொன்னேன். கீழ் ஓரம் மரச்சட்டத்துக்குள்ள மறைஞ்சிருந்துச்சு. கண்ணாடிப் பக்கமாப் பார்த்தா ஓரத்துல குங்குமக் கறை வேற.

அப்பா ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வந்து பின்பக்கத்து ஆணியை நெம்பினாங்க. பின் பலகையை எடுத்தா பின்னாடி ஒரு காகிதம். திருப்பினா அதுவும் லட்சுமி. கெட்டிக் காகிதம், ஓரம் எல்லாம் பூச்சி அரிச்சது. தாமரை மேல நிக்கிற லட்சுமி. கீழ ஆங்கிலத்துல ரவிவர்மா பிரஸ். ஆச்சியோட மாமியார் காலத்துப் படமா இருக்கும்னு அப்பா சொன்னாங்க. அதுக்கு முன்னாடி ஒரு காலண்டர் படம். தேதித் தாள் போன பிறகு அட்டையோட வெட்டி வச்சிருக்கு. ஜவுளிக்கடை பேரும் 1971ம் இருந்துச்சு. அதுக்கும் முன்னாடிதான் நாங்க பார்த்துக்கிட்டே இருந்த கஜலட்சுமி. ரெண்டு பக்கமும் யானை, பின்னாடி நாடகத் திரை மாதிரி ஆகாயம். சட்டம் போன பிறகு ஓரத்துல கையெழுத்து தெரிஞ்சுது. கொண்டையராஜு.

மூணு படத்துலயும் நெத்தியில குங்குமம் வச்ச இடம் தேய்ஞ்சிருந்துச்சு. அடியில இருந்தவளுக்கு அந்த இடத்துல ஓட்டையே விழுந்திருந்துச்சு.

அப்பா அந்தக் காலண்டரைக் கையில வச்சுக்கிட்டே உட்கார்ந்துட்டாங்க. "இது உங்க தாத்தா கணக்கெழுதின கடைல. அந்த வருஷ போனசுக்கு எனக்கு ஒரு டவுசர் எடுத்துக் கொடுத்தாங்க." அப்புறம் பேச்சே இல்ல.

அம்மாதான் சொன்னா. "அத்தை ஒண்ணைக்கூட ஆத்துல விடல பாத்தீங்களா."

ஊருக்கெல்லாம் ஆத்துல விடச் சொன்னவ எங்க ஆச்சி. தனக்குன்னு வந்தப்ப மனசு வரல. பழையவளை எடுத்து உள்ள வச்சு, அதுக்கு மேல புதுசை வச்சு ஆணி அடிச்சிருக்கா. புதுசுக்கு விளக்கேத்தும்போது பின்னாடி இருக்கிற ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் ஏத்தியிருக்கா.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். ஐரோப்பாவுலயும் கும்பிடுற படங்கள் இருந்துச்சு. புனிதர்கள் படத்தை மரக்கட்டையில அச்சடிச்சு சந்தையில வித்தாங்க. ஜனங்க சுவர்லயும் பெட்டி மூடியிலயும் ஒட்டிக் கும்பிட்டாங்க. அதுல பெரும்பாலானது அழிஞ்சு போச்சு. 1423னு வருஷம் போட்ட புனித கிறிஸ்டோபர் படம் ஒண்ணு இப்போ மான்செஸ்டர்ல இருக்கு. அது தப்பிச்சதுக்குக் காரணம், யாரோ அதை ஒரு கையெழுத்துப் புஸ்தகத்தோட அட்டைக்கு உள்பக்கம் ஒட்டி வச்சது. அங்கயும் கும்பிட்ட படம் தேய்ஞ்சுதான் போயிருக்கு. உள்ள மறைஞ்சது மட்டும்தான் மிஞ்சியிருக்கு. மதிப்புத் தெரியாம அழிக்கிறோம்னு நான் போட்ட சத்தம் அவ்வளவு சரியில்ல. கும்பிட்டதால தேயுது. அதுவும் ஒரு மதிப்புதான்.

நான் மூணையும் போன்ல படம் எடுத்துக்கிட்டேன். கஜலட்சுமி முகத்துல இருந்த குங்குமத்தை ஈரத் துணியால லேசாத் துடைச்சா போட்டோ நல்லா வரும்னு தோணுச்சு. துணியைக்கூட எடுத்துட்டேன். துடைக்கல. அது ஆச்சி கடைசியா வச்ச பொட்டா இருக்கலாம்.

அப்பா மூணையும் இருந்த வரிசையிலயே திரும்ப உள்ள வச்சு ஆணி அடிச்சாங்க. பத்துப் படம் ஆத்துக்குப் போச்சு. இது அம்மா வீட்டுப் பூசை அறைக்குப் போச்சு. என் ஹாலுக்கு வரல. எனக்கும் இப்போ கேக்கத் தோணல.

கிளம்பும்போது அம்மா சொன்னா, "எங்களுக்குப் பொறவு உனக்குத்தான்யா. ஆனா வெள்ளிக்கிழமை விளக்கேத்தணும்." வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் எங்க ஆபீஸ்ல டிப்ளாய்மென்ட். அதை அம்மாகிட்ட சொல்லல.

டிஸ்கி: ஆத்துக்குப் போன பத்துப் படத்தையும் நாங்க பின்னாடி பிரிச்சுப் பார்க்கல. இந்த வரியை எழுதும்போதுதான் உறைக்குது. உங்க வீட்டுல பழைய ஃப்ரேம் இருந்தா, ஆத்துக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி ஆணியை ஒரு தடவை நெம்பிப் பார்த்துடுங்க மக்கா.